கொதிகலன் வெல்டர் ஆவது எப்படி? சேலம் மாவட்டத்தில் ஐடிஐ முதல் கேட் பாஸ் வரை

மேட்டூர் அனல் மின் நிலையம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 210 மெகாவாட் யூனிட் நான்கு, 600 மெகாவாட் யூனிட் ஒன்று, மொத்தம் 1,440 மெகாவாட். இதுபோக, சொந்தக் கொதிகலன் வைத்திருக்கும் உருக்காலைகளும் மற்ற ஆலைகளும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. ஓவர்ஹாலிங் (யூனிட்டை நிறுத்திச் செய்யும் பெரிய பராமரிப்பு, ஷட்டவுன் என்றும் சொல்வார்கள்) வந்தால் ஒரு மாதத்துக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். அப்போது மேச்சேரி, ஓமலூர், கொளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஹெல்பராகப் பைப் தூக்குகிறார்கள், அந்தப் பைப்பை வெல்டிங் செய்பவர் வெளியூரிலிருந்து வருகிறார். இருவருக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ இரண்டரை வருடப் பயிற்சியும் சில காகிதங்களும்தான். அந்த இரண்டரை வருடத்தை வீணாக்காமல் எந்த வரிசையில் கடப்பது என்பதை இங்கே சொல்கிறோம். வரிசை மாறினால் வருடம் போகும், அனுபவம் காகிதத்தில் ஏறாது.

1. ஹெல்பராகப் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள்

பலர் இடறுவது இங்கேதான். "சைட்டுக்கு வா, கூடவே இருந்து டார்ச் பிடிக்கப் பழகிக்கலாம்" என்று மேஸ்திரி சொல்வார். அவர் மனதாரத்தான் சொல்வார், ஆனால் ஷட்டவுன் நேரத்தில் அது நடக்காது. ஒரு 210 மெகாவாட் யூனிட் ஒரு நாள் நின்றால் 50 லட்சம் யூனிட் மின்சாரம் போச்சு. அந்த அவசரத்தில் யாரும் கொதிகலன் குழாயில் கற்றுக்குட்டியைக் கை வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. உள்ளே நீராவி சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில், 540 டிகிரியில் ஓடும். ஒரு ஜாயின்ட் கசிந்தால் யூனிட்டையே நிறுத்த வேண்டும்.

வெல்டிங் உங்களுக்கு ஒத்துவருமா என்பதையும் இப்போதே பாருங்கள். கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும் (கண்ணாடி போட்டுத் தெளிவானால் போதும்), கை நடுங்கக் கூடாது, உயரத்தில் தலை சுற்றக் கூடாது. உயரம் ஆகாதவர்களுக்கு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகள் இருக்கின்றன, அவையும் நல்ல வழிதான். ஷட்டவுன் வேலைக்கு ரிக்கரும் (கனமான சாமான்களைக் கட்டித் தூக்குபவர்) சாரம் கட்டுபவரும் தேவைப்படுவார்கள். ஆனால் அந்த வேலைகளுக்குச் சேரும் முறை வேறு, இங்கே வெல்டரை மட்டும் பார்ப்போம்.

2. ஐடிஐ விண்ணப்பத்துக்கு முன்னால் பெயரைச் சரிசெய்யுங்கள்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பின்னால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணம் எடுக்க முடியாமல் அலைபவர்களில் பலருக்கு நோய் இங்கேதான் தொடங்கியிருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலும் மூன்று விதம். ஐடிஐ சான்றிதழ், பழகுநர் சான்றிதழ், கொதிகலன் வெல்டர் சான்று, பிஎஃப் எண் என்று பின்னால் வரும் ஒவ்வொன்றிலும் இந்தப் பெயர்தான் ஏறும். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரை முதலில் திருத்துங்கள், அதைப் பார்த்து வங்கிக் கணக்கை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: 8 அல்லது 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்), பாஸ்போர்ட் அளவுப் படங்கள். கணக்கில் ஆதார் எண் பதிந்திருந்தால் மட்டும் போதாது, அரசு உதவித்தொகை வந்து சேரும்படி இணைத்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஏற்காடு மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் விசாரணை, நேரில் வரச் சொல்லுதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் சான்றிதழ் இருந்தால் நகலைக் கட்டாயம் இணையுங்கள். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே டிசம்பரில் விண்ணப்பித்துவிடுங்கள்.

3. ஐடிஐ வெல்டர்: ஒரு வருடம்

வெல்டர் பிரிவுக்கு 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும், படிப்பு ஒரு வருடம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்றால் 10-ஆம் வகுப்பும் இரண்டு வருடமும் வேண்டும். சேலத்திலும் மேட்டூர் அணையிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. பெண்களுக்கென்று சேலத்தில் தனி அரசு ஐடிஐ உண்டு. பெண் பிள்ளைகள் வெல்டிங்குக்கு வரத் தயங்க வேண்டாம். ரூட் (ஜாயின்டின் அடியில் போடும் முதல் வெல்டிங்) போடுவதற்குத் தேவை தோள் வலிமை அல்ல, நிதானமான கை.

சேர்க்கை இணைய வழியில் நடக்கும். பத்தாம் வகுப்பு முடிவை ஒட்டி மே, ஜூனில் அறிவிப்பு வரும், விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, சீருடை, பாடநூல், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தனியாகப் பதிய வேண்டும். எமிஸ் எண் அங்கேதான் கேட்பார்கள்.

மலையிலிருந்து வருபவர்கள் விடுதியைப் பற்றிச் சேரும்போதே கேளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, மேட்டூருக்கு இன்னும் 50 கிலோமீட்டர் போய்க் காலை வகுப்பைப் பிடிப்பது தினமும் முடியாது. வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள், அந்த வருடமே போய்விடும்.

தனியார் ஐடிஐயில் சேர்வதானால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில், அதாவது என்சிவிடி, அங்கீகாரம் வெல்டர் பிரிவுக்கு உண்டா? சில இடங்களில் நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கும், ஆனால் நீங்கள் சேரும் பிரிவுக்கு இருக்காது. "மூன்று மாத வெல்டிங் டிப்ளமா" என்று கொடுக்கும் காகிதத்தை எந்தப் பெரிய ஆலையின் கேட்டிலும் மதிப்பதில்லை.

4. தொழிற்பழகுநர்: இன்னொரு வருடம்

ஐடிஐ முடித்ததும் மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பெரிய ஆலைகள் அங்கேதான் ஆள் எடுக்கின்றன. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் நடத்தும் பழகுநர் முகாம்களுக்கும் சான்றிதழ்களோடு நேரில் போங்கள். ஆபத்தான தொழில் என்பதால் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உதவித்தொகையில் ஆயிரம், ஐந்நூறு கூடுதலா என்று பார்க்காதீர்கள். அங்கே என்ன வெல்டிங் நடக்கிறது என்று பாருங்கள். கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறையில் ஒரு வருடம் இருந்தால் தகட்டு வெல்டிங் மட்டும்தான் வரும். நீராவிக் குழாய், பைப்லைன், அழுத்தக் கலன் வேலை நடக்கும் இடமாகத் தேடுங்கள். டிக் மிஷின் (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் வெல்டிங் செய்வது) எத்தனை இருக்கிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

ஒரு பொறி இருக்கிறது. சில கான்ட்ராக்டர்கள் "அப்ரண்டிஸ்" என்று வாயால் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். பழகுநருக்குப் பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கத் தேவையில்லை என்பது சட்டம், அது அவர்களுக்கு வசதி. இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகி எண் வந்திருந்தால்தான் நீங்கள் பழகுநர். வராவிட்டால் நீங்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி, வருட முடிவில் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. முதல் மாதத்திலேயே உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

5. 6ஜி பழகுவது

ஐடிஐயில் பைப் வெல்டிங் தொட்டுக் காட்டுவார்கள், ஆனால் கொதிகலன் சோதனைக்கு அது பற்றாது. சோதனையில் கேட்பது 6ஜி நிலை: பைப் 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும், நீங்கள்தான் அதைச் சுற்றி வர வேண்டும். ஒரே ஜாயின்டில் தலைக்கு மேலும், பக்கவாட்டிலும், மேல்நோக்கியும் வெல்டிங் வந்துவிடும்.

பழக 2 அங்குல, ஷெட்யூல் 80 (பைப்பின் கனத்தைச் சொல்லும் குறியீடு) கார்பன் ஸ்டீல் பைப் வாங்குங்கள். வெளி விட்டம் 60.3 மி.மீ., கனம் 5.54 மி.மீ. 6 மீட்டர் நீளத்தை 100 மி.மீ. துண்டுகளாக அறுத்தால் ஏறக்குறைய 58 துண்டு வரும், 29 ஜாயின்ட் போடலாம். போட்டதை அறுத்தெடுத்துவிட்டு மறு முனைகளில் இன்னொரு முறை போடலாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பழைய கொதிகலன் குழாய் விலை குறைவுதான், ஆனால் அது என்ன உலோகம் என்று தெரியாமல் போட்டால் விரிசல் விட்டது உங்கள் கையாலா குழாயாலா என்றே புரியாது.

ஆர்கான் செலவு எல்லோரும் தவறவிடும் கணக்கு. 7 கனமீட்டர் சிலிண்டரை நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் திறந்தால் 700 நிமிடம், அதாவது பதினொன்றரை மணி நேரம் ஓடும். ஹோஸ் இணைப்பில் கசிவிருந்தால் பாதி காற்றோடு போகும். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு ஜாயின்ட் எப்படித் தயாராக வேண்டும் என்று பார்ப்போம். இரண்டு முனையிலும் 37.5 டிகிரி பெவல் (முனையைச் சரிவாகச் சீவுவது). ரூட் ஃபேஸ் (சரிவுக்கு அடியில் சீவாமல் விடும் விளிம்பு) 1 முதல் 1.5 மி.மீ. உள்ளும் வெளியும் 25 மி.மீ. அகலத்துக்குத் துரு, பெயின்ட், எண்ணெய் போக வெள்ளி போல் மினுங்கும் வரை தேய்க்க வேண்டும். உட்புறத்தைத் தேய்க்க மறப்பவர்கள்தான் அதிகம், ரூட்டில் ஓட்டை விழுவதும் அவர்களுக்குத்தான். இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி 2.5 முதல் 3 மி.மீ., நான்கு இடத்தில் அளக்க வேண்டும். சம தூரத்தில் மூன்று டாக் (பைப் அசையாமல் பிடிக்கும் சின்ன வெல்டிங்) போட்டு, அவற்றின் இரு முனையையும் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து மெலிதாக்குங்கள். டாக்கின் முனை தடித்திருந்தால் ரூட் அங்கே உருகிச் சேராது, எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் பக்கம் போட்டு முடித்ததும் உலோகம் சுருங்கி, மறுபக்கத்து இடைவெளியைச் சற்றே அடைத்துவிடும். அதனால் கடைசியில் போடப்போகும் பக்கத்தை அரை மி.மீ. தாராளமாக விட்டு டாக் போடுங்கள். இது யாரும் சொல்லித்தராத சூட்சுமம், முதல் இருபது ஜாயின்ட் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

ரூட் டிக்கில் போட வேண்டும்: 2.4 மி.மீ. டங்ஸ்டன் (டார்ச்சில் ஆர்க் எழும் முனை), 2.4 மி.மீ. ஃபில்லர் (உருக்கி நிரப்பும் கம்பி), 90 முதல் 110 ஆம்பியர். கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் தொடங்கி 12 மணி வரை ஒரு பக்கம் ஏறுங்கள், பிறகு மறுபக்கம். ஆர்க் இரண்டு விளிம்பையும் உருக்கும்போது முன்னால் சாவித்துவாரம் போல் சின்ன ஓட்டை திறந்துகொண்டே போகும். அந்த ஓட்டை ஒரே அளவில் இருந்தால் உள்ளே ரூட் சரியாக இறங்குகிறது என்று அர்த்தம். ஓட்டை மூடினால் ரூட் இறங்கவில்லை, பெருத்தால் பொத்துக்கொண்டு போகப் போகிறது. 6 மணி இடத்தில் தலைக்கு மேல் வெல்டிங் என்பதால் உலோகம் கீழே தொங்கி, உட்புறம் குழியும். அங்கே மட்டும் ஃபில்லரைச் சற்று உள்ளே தள்ளிக் கொடுங்கள்.

பிறகு நிரப்புவதும் கேப்பிங்கும் (மேலே மூடும் கடைசி வெல்டிங்) ஆர்க் வெல்டிங்கில், இ7018 ராடில்: 2.5 மி.மீ. ராடுக்கு 75 முதல் 90 ஆம்பியர். இந்த ராடு ஈரத்தை உறிஞ்சும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் (பொதுவாக 300 முதல் 350 டிகிரி) ஓவனில் சுட்டு, கை ஓவனில் சூடாகவே வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். திறந்து வைத்த பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டால் அந்த ஈரமே வெல்டிங்குக்குள் ஹைட்ரஜனாகப் போய் விரிசலாக வெளியே வரும். ஏற்காட்டு மழைக்காலத்தில் ஒரு இரவு போதும், ராடு கெட்டுவிடும்.

எக்ஸ்ரே எடுக்கக் காசில்லாவிட்டால் ஜாயின்டை நீளவாக்கில் நான்காக அறுத்து உட்புறத்தைப் பாருங்கள், ஒரு துண்டை வைஸில் பிடித்து ரூட் வெளிப்பக்கமாக வளையுங்கள். உருகிச் சேராத இடம் கோடாகப் பிளந்து நிற்கும். எக்ஸ்ரே படம் பார்க்கக் கிடைத்தால்: நேரான கறுப்புக் கோடு ரூட் சேராதது, கறுப்புப் புள்ளிகள் காற்றுக்குமிழ், பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி டங்ஸ்டன் முனை உருகலில் தொட்டு ஒட்டிக்கொண்டது. குமிழுக்குக் காரணம் பெரும்பாலும் காற்றுவீச்சு. மின்விசிறியை நிறுத்துங்கள். ஆர்கானைக் கூட்டினால் சரியாகும் என்று 20 லிட்டருக்குத் திறந்தால் சுழல் உண்டாகி வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துவரும்.

நாற்பது ஜாயின்ட் ஒழுங்காக வந்தபின் பைப்பின் இரு பக்கமும் இரண்டு விரல் இடைவெளியில் டம்மிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு போடுங்கள். கொதிகலனுக்குள் குழாய்கள் அப்படித்தான் நெருக்கமாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கட்டி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து வெல்டிங் செய்ய வேண்டும். கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால் கை எதிர்ப்பக்கம் ஓடும். இடது கையாலும் பழகுங்கள்.

நிறுவனப் பயிற்சியாக வேண்டுமானால் திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சேலத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். கட்டணப் பயிற்சி. அடுத்த பேட்ச் எப்போது, கட்டணத்தில் சோதனைத் துண்டு அடங்குமா, தங்குமிடம் உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். 6ஜி ஓரளவு கைக்கு வந்தபின் போனால்தான் அங்கே செலவிடும் காசுக்கு முழுப் பலன்.

6. கொதிகலன் வெல்டர் சான்று

2025-இல் புதிய கொதிகலன்கள் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் எல்லோரும் இந்தச் சான்றைச் சொல்வது "ஐபிஆர் சர்டிபிகேட்" (ஐபிஆர் என்பது இந்தியக் கொதிகலன் விதிமுறைகள்) என்றுதான். மாநிலக் கொதிகலன்கள் இயக்ககத்தின் அதிகாரி முன்னிலையில் சோதனைத் துண்டை வெல்டிங் செய்ய வேண்டும். அவர் துண்டில் முத்திரை குத்துவார். பிறகு வெல்டிங்கைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பார்கள், அடுத்து எக்ஸ்ரே அல்லது வளைப்புச் சோதனை. வழக்கமாகக் கான்ட்ராக்டரோ ஆலையோ பல வெல்டர்களைச் சேர்த்து விண்ணப்பிப்பார்கள். எனவே பழகுநர் காலத்தில் பழகிய ஃபோர்மேனிடம் "அடுத்த முறை டெஸ்ட் வைக்கும்போது என் பெயரையும் சேருங்கள் அண்ணா" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் வாசியுங்கள். எந்த முறை (டிக்கா, ஆர்க்கா, இரண்டுமா), எந்த உலோக வகை, எந்த விட்டமும் கனமும் என்று அதில் இருக்கும். கார்பன் ஸ்டீலுக்கு வாங்கிய சான்றோடு அலாய் ஸ்டீல் (பிற உலோகம் கலந்த எஃகு) சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும்) குழாயைத் தொட முடியாது. சோதனைக்கு முன்பே உங்கள் துண்டு என்ன உலோகம் என்று கேட்டால் இந்த ஏமாற்றம் வராது.

காசு கொடுத்தால் சோதனை இல்லாமல் வாங்கித் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். சான்று வைத்திருந்தாலும் பெரிய ஆலைகள் உள்ளே விடுமுன் சைட்டிலேயே ஒரு துண்டு போடச் சொல்லும். கொடுத்த காசு அன்றே போய்விடும், அந்தக் கேட்டில் உங்கள் பெயரும் கெட்டுவிடும்.

7. கேட் பாஸ்

கேட் பாஸ் என்பது ஆலைக்குள் நுழையத் தரும் அனுமதிச் சீட்டு. ஓவர்ஹாலிங் பெரும்பாலும் காற்றாலை மின்சாரம் பெருகும் மாதங்களில் வரும். மே தொடங்கும் முன்னே இந்தக் காகிதங்களைத் தயார் செய்யுங்கள்:

ஆதார் நகல். ஐடிஐ, பழகுநர், வெல்டர் சான்றுகளின் நகலும் அசலும். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று: தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2018-இல் இச்சேவை தொடங்கியபோது தனிநபர் கட்டணம் 500 ரூபாய், பதினைந்து நாள் ஆகும் என்று கணக்கு வையுங்கள். முகவரி ஆதாரில் ஒன்று, குடியிருப்பது வேறு என்றால் விசாரணை நின்றுவிடும். கடைசியாக மருத்துவத் தகுதிச் சான்று: பார்வை, நிறக்குருடு, ரத்த அழுத்தம், உயரத்தில் தலைசுற்றல். இதை இரண்டு மாதம் முன்பே எடுத்தால் பழையது என்று திருப்பி அனுப்புவார்கள். ஆலை சொல்லும் மருத்துவரிடம், சொல்லும் தேதியில் எடுங்கள்.

உள்ளே போகுமுன் பாதுகாப்பு வகுப்பு இருக்கும். அதில் இரண்டை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறோம். கொதிகலன் அடைபட்ட இடம்: கைவிளக்கு 24 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, வாசனை கிடையாது. தாழ்வான மூலையில் தேங்கி ஆக்ஸிஜனை வெளியே தள்ளும், மயங்கி விழும் வரை ஒன்றும் தெரியாது. சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது டார்ச் வால்வையும் சிலிண்டரையும் மூடுங்கள், திரும்பப் போகுமுன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளக்காமல் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள். இதில் மேஸ்திரி முகத்துக்காகத் தயங்கினால் போவது உயிர்.

8. சம்பளச் சீட்டு, பிஎஃப், இஎஸ்ஐ

பிஎஃபின் யுஏஎன் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு கான்ட்ராக்டரிடமும் பழைய எண்ணைக் கொடுங்கள். "புதுசா போட்டுக்கலாம்" என்று விட்டால் நான்கு ஷட்டவுனில் நான்கு எண்ணாகி, பணம் நான்கு இடத்தில் தூங்கும். தொழிலாளி பங்கு 12 சதவீதம்; கான்ட்ராக்டர் கட்டினாரா என்று மாதாமாதம் பாஸ்புக்கில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இஎஸ்ஐ உண்டு: உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே பலன் உண்டு, ஆகவே இஎஸ்ஐ எண் கையில் வருமுன் சாரம் ஏறாதீர்கள். சம்பளம் அதைத் தாண்டினால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வெல்டர் சான்று இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும்போது இடையில் தொடர்ந்து வெல்டிங் செய்தீர்களா என்று கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு ஷட்டவுன் முடிந்ததும் கான்ட்ராக்டரின் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி வாங்குங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த யூனிட், எந்த முறை, எத்தனை ஜாயின்ட், அதில் எத்தனை ரிப்பேர். கணக்கு முடித்துப் பணம் வாங்கும் அன்றே கேட்டால் தருவார்கள். ஊர் திரும்பிய பிறகு போனில் கேட்டால் அந்த நான்கு வரி வருவதில்லை.